பக்கத்து வீட்டு ஆங்கிலேயரின் ‘கொஞ்சம்’

லா சப்பல், பாரிஸ்
பொங்கல் கழிந்த கிழமை

அன்பு மகள் கஜந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மூச்சுவிட்டுக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை என்பது முழுதும் வாசித்தால் உனக்கு விளங்கும். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ரெலிபோனில் நான் பாதி சொல்வதற்குள் ஓகே அம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. சனிக்கிழமைகளில் அழுது அழுது தமிழ்ச்சோலைப் பள்ளியில் படித்த தமிழ் இதற்குப் போதும், ஆறுதலாக இருந்து வாசி. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, உணவகத்தில் இப்போது அவரை நிற்கிற வேலைக்கு விடுவதில்லை. இந்த முறை பொங்கல் பொபினியில் சித்தி வீட்டில்தான், ஏனென்றால் எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுத்தான் திரும்பி வந்தோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் உனக்குச் சொல்லவில்லை. திடுக்கிடாதே, இப்போது ஒன்றுமில்லை, தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லோறன்ஸை உனக்குத் தெரியாது. நீ இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் போன பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஆங்கிலேயர், அறுபது தாண்டியவர், தனி ஆள், கம்பனிகளுக்குப் போய் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறார். அவர் சமைக்கிற குசினியும் எங்கள் குசினியும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். படியில் கண்டால் என்னோடு இங்கிலீஷில்தான் பேசுவார், நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தூசு தட்டி எடுத்துப் பேசுவேன். முதலில் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. எது கேட்டாலும் ஃபைன், லவ்லி, நொட் டூ பாட், இந்த மூன்றும்தான், பூட்டின கதவோடு பேசுவது மாதிரி இருக்கும். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மேல்மாடிக் குழாய் வெடித்து அவருடைய கட்டில், புத்தகம் எல்லாம் ஊறிப்போன அன்று, கொஞ்சம் ஈரம் என்றார். இன்னொரு நாள் நான் வேலை செய்யும் கடைக்குத் தேயிலை வாங்க வந்தவர், வீட்டிலிருந்து அவ்வளவு நல்லதில்லாத செய்தி என்று சொல்லிவிட்டு, வாங்கின தேயிலையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார், அவருடைய ஒரே தம்பி இறந்த செய்தி அது. நாங்கள் பல்லுக் குத்தினாலே செத்துப்போகிறேன் என்று ஊரைக் கூட்டுகிற ஆட்கள். இந்த மனிதர் கொஞ்சம் என்றால் அதைப் பத்தால் பெருக்கித்தான் எடுக்கவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

குளிர் பிடித்து எல்லோரும் ஜன்னலைச் சாத்தின பிறகு, பின்னேரங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்கத் தொடங்கியது. நான் வேலையால் வந்து சமைக்கிற நேரம். லோறன்ஸின் குரல்தான், நல்ல மரியாதையாக. வாருங்கள், இருங்கள், இல்லை இல்லை, எனக்கு ஒரு சிரமமும் இல்லை, சீனி போடுவீர்களா. யாரோ பெண் விருந்தாளி என்று விளங்கியது, சந்தோஷப்பட்டேன், தனி மனிதருக்கு ஒரு துணை. ஆனால் மற்றக் குரல் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் ஒன்று சொல்வார், பிறகு இன்னொருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்குப் பேசாமல் இருப்பார், பிறகு சிரிப்பார். நீ சின்னதில் வீட்டுத் திறப்பை மறந்துவிட்டு வந்தால் உன்னைத் தன் அறையில் வைத்திருப்பாளே, எங்கள் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் இசபெல், அவளிடம் லோறன்ஸுக்கு யார் வருவது என்று கேட்டேன். யாரும் வருவதில்லை, என்னைத் தாண்டாமல் யாரும் ஏற முடியாது என்றாள். படியில் கண்டபோது அவரிடமே பகிடியாகக் கேட்டேன். ஓம், ஒரு அம்மா வந்து குசினியில் இருக்கிறார், மிகவும் நல்லவர், யாருக்கும் தொந்தரவில்லாதவர் என்றார். கதவைத் திறந்துவிடுவது நீங்களா என்றேன். அதுதான் கொஞ்சம் விசித்திரம், நான் திறந்ததாக ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு, தனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் களைப்பு என்றும் சொன்னார். கொஞ்சம் விசித்திரம், கொஞ்சம் களைப்பு.

பிறகு எனக்கும் தொடங்கியது. கடையில் நிற்கும்போது ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்து குசினியில் கொஞ்ச நேரம் நின்றால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது மாதிரித் தலையிடி. ஒருநாள் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்க, பின்னால் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பாமலே பேசிக்கொண்டிருந்தேன். பதில் இல்லாததால் திரும்பினேன், யாரும் இல்லை, கதிரை மட்டும் மேசையை விட்டு விலகி நின்றது. நான்தான் இழுத்துவைத்தேனோ தெரியாது. அடுத்த நாள் தலை சுற்ற, அதே கதிரையில் இருந்து மேசையில் தலையைச் சாய்த்துவிட்டேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிறது, எழும்பவேண்டும் என்று தெரிகிறது. அப்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண்குரல், அன்பான குரல், தமிழில், “இருங்கோ, எழும்பாதேங்கோ” என்றது. பிள்ளை, அந்தக் குரல் எனக்குப் பயமாக இருக்கவில்லை, இதமாக இருந்தது. அப்படியே இருந்துவிடத்தான் மனம் வந்தது. பருப்பு கருகின மணம்தான் என்னை எழுப்பியது. அப்பா வந்தவுடன் தலைச்சுற்றை மட்டும் சொன்னேன், குரலைச் சொல்லவில்லை. ஓம், உமக்குப் பிரஷர் கூடியிட்டுது, குளிசையை ஒழுங்காய்ப் போடும் என்றார். விபூதி பூசிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் எனக்கு லீவு. பின்னேரம் வெளியே இருட்டிக்கொண்டு வரும்போது கதவில் இரண்டு தட்டு, கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்பது மாதிரி மெல்லிய தட்டு. திறந்தால் லோறன்ஸ். முகம் வெயிலில் நின்றவர் போல நல்ல சிவப்பு. டை கட்டியிருக்கிறார், ஆனால் ஒரு காலில்தான் சப்பாத்து. சிரித்துக்கொண்டு, உங்களைக் கரைச்சல்படுத்துவதற்கு மிகவும் வருந்துகிறேன், உங்கள் வாசலில் ஒரு நிமிடம் இருக்கலாமா, உள்ளே கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றார். சுகமா என்று கேட்டேன். மிகவும் சுகம், நன்றி என்றார். சொல்லும்போதே என் கதவு நிலையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் இறுகி வெளுத்துப்போயிருந்தன. என்ன அதிகமாகிவிட்டது என்று கேட்டேன். உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் நான் எழும்பப் பார்க்கும்போதெல்லாம், தயவுசெய்து எழும்ப வேண்டாம் என்கிறார். அவ்வளவு மரியாதையாகச் சொல்பவரை மறுப்பது கஷ்டமாக இருக்கிறது.”

நான் கேட்ட வசனத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லையே. அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன், அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே குசினி வெளிச்சத்தில் மேசையில் இரண்டு கோப்பைகள் எதிரெதிரே இருந்தன. பேயோ பிசாசோ என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் ‘கொஞ்சம் அதிகம்’ என்பதைத்தான் யோசித்தேன். கட்டில் ஊறினதைக் கொஞ்சம் ஈரம் என்ற மனிதர் கொஞ்சம் அதிகம் என்கிறார் என்றால் இனித் தாங்காது என்று அர்த்தம். அவருடைய கையைப் பிடித்து, கோட்டும் போடாமல், படியால் இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, நீங்கள் முதலில் போங்கள் என்று வழிவிடப் பார்த்தார். நானும் கைபிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினேன். கீழே முற்றத்தில் குளிர்காற்று முகத்தில் பட்டதும் ஐ ஆம் சொறி என்று சொல்லி அப்படியே சரிந்தார். இசபெல்தான் ஓடிவந்து பொம்பியே, அதுதான் தீயணைப்புக்காரரை, கூப்பிட்டாள்.

அவர்கள் படியேறும்போதே அவர்களில் ஒருவர் இடுப்பில் கொழுவியிருந்த சின்னப் பெட்டி கத்தத் தொடங்கிவிட்டது. லோறன்ஸின் வீட்டில் சுடுதண்ணி எடுக்கும் பழைய காஸ் ஹீட்டரின் புகைபோக்கி, உள்ளே கல் சரிந்து அடைபட்டிருக்கிறது. மணமும் நிறமும் இல்லாத நச்சுப்புகை அவருடைய குசினியில் நிறைந்து, சுவர் வெடிப்பால் எங்கள் குசினிக்கும் வந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய் ஒக்சிஜன் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் லோறன்ஸ் எழும்பியே இருக்கமாட்டார் என்று அங்கிருந்த இளம் பெண் டொக்டர் சொன்னாள். அந்தப் புகை மூளைக்குப் போனால் இல்லாத ஆட்கள் தெரிவார்கள், குரல் கேட்கும் என்றாள். நம்புகிறேன். ஆனால் இரண்டு பேருக்கு, இரண்டு மொழியில், ஒரே வசனம் எப்படிக் கேட்டது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அப்பாவுக்கும் இதுவரை சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். இப்போது எல்லாம் திருத்தியாயிற்று, இரண்டு வீட்டிலும் கத்துகிற பெட்டி சுவரில் பூட்டியாயிற்று, என்றாலும் அந்தக் கதிரையில் நான் இன்னும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்த பிறகு லோறன்ஸைப் பார்க்கப் போனேன். கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் தலையிடி, வாந்தி என்று டொக்டரிடம் இப்போது சொல்கிறீர்களாம், இல்லாத மனிசி வேறு வந்து இருக்கிறாள், ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“உங்களிடம் சொன்னேனே. கொஞ்சம் களைப்பு என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அதைவிடச் சத்தமாக ஒருவரும் சொன்னதில்லை.”

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் இருந்தேன். இந்த மரியாதைப் பேச்சுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் பூச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், பிள்ளை. அப்படியில்லை. எங்களைப் போல அவர்களும் கத்துகிறார்கள், எங்களுக்குத்தான் கேட்பதில்லை.

இனி உன் விஷயம். நீ இங்கே இருந்தபோது கோபம் வந்தால் பிரெஞ்சில் கத்துவாய், கதவை அடிப்பாய், தெருவில் போகிறவனுக்கும் கேட்கும், எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் உனக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். இப்போது உனக்கு லோறன்ஸின் பேச்சு வந்துவிட்டது. போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது வேலை எப்படி என்று கேட்டேன், ஐ ஆம் மனேஜிங் என்றாய். சேந்தன் மருமகன் எங்கே என்று கேட்டேன். நாங்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாய். உனக்குப் பின்னால், இரண்டு கோட் தொங்குகிற கொழுவியில் உன் கோட் மட்டும் தொங்கியதை நான் கண்டேன். வரட்டுமா என்று கேட்டதற்கு, தட் வுட் பி லவ்லி, ஆனால் இவ்வளவு தூரம் வந்து கரைச்சல்பட வேண்டாம் என்றாய். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

சனிக்கிழமை காலை கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பா கேட்டார், “அவள் வரவேண்டாம் எண்டல்லோ சொன்னவள்?” என்று. “ஓம், அதாலதான் போறன்” என்றேன். அவர் எழும்பிப் போய் பயணப் பெட்டியை இறக்கித் தந்தார்.

நான் வந்து உன்னிடம் ஒன்றும் விசாரிக்க மாட்டேன். சேந்தனைப் பற்றி ஒரு வார்த்தை பிழையாகச் சொல்லவும் மாட்டேன். வீட்டை ஒதுக்கிவைக்காதே, எனக்காக ஒன்றும் சமைக்காதே. நீ கத்தலாம், அழலாம், கதவை அடிக்கலாம், எந்த மொழியிலும் செய்யலாம். அதுவரை இரவில் படுக்கும் அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடு, ஹீட்டரை யாரையாவது கூப்பிட்டுக் காட்டு, மறந்துவிடாதே. எல்லாம் வல்ல பிள்ளையார் உன் பக்கத்தில் இருக்கட்டும். உன்னைச் சுமந்த வயிறு சொல்கிறது, நீ நன்றாக இருப்பாய்.

கதவைத் திறந்து ஃபைன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா,
சாரதாதேவி யோகநாதன்