இலக்கு எட்டப்பட்டது

18 ஜனவரி 2024

பொங்கல் லீவு முடிந்து உள்ளே நுழைந்ததுமே முதல்வர் துரைராஜ் கூப்பிட்டு அனுப்பினார். வெளிநாட்டுக் குழு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வருகிறதாம். நம் அடித்தள மையம் என்ன செய்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். மூன்று வருடமாக அவர் தலைமையில் நடப்பதை அவருக்கே நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல கூத்து.

எழுதினேன். கம்மாபுரம், காடாம்புலியூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள். பட்டப்படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் கணக்கு, இங்கிலீஷ், ஆய்வகப் பழக்கம். அப்புறம் பட்டம் முடிக்கும் வரை விடுதி, சாப்பாடு, மாலை வகுப்பு. செலவெல்லாம் ஐரோப்பிய நிதியத்தினுடையது. பின்தங்கிய வட்டாரங்களில் கல்லூரிகளை வலுப்படுத்த அவர்கள் கொடுக்கும் பணம். ஒருங்கிணைப்பாளர் என்று எனக்கு வரும் சம்பளமும் அதில்தான். முதல் கட்டம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. இரண்டாம் கட்டம் உண்டா இல்லையா என்பதை இந்தக் குழுதான் சொல்லும்.

கடைசி வரியை மட்டும் முதல்வர் இரண்டு தடவை படித்தார்.

24 ஜனவரி

குழுவின் முன்னால் மாணவர் சார்பில் ஒருவர் பேச வேண்டும். பவித்ராவைத் தேர்ந்தெடுத்தேன். காடாம்புலியூரிலிருந்து உள்ளே போகும் ஊர். அம்மா முந்திரி கம்பெனியில் கூலி வேலை. மையத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு இப்போது பி.எஸ்ஸி. வேதியியல் முதல் வருடம். தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப் வேலைக்குப் போக வேண்டும் என்பாள். வெறும் லேப் வேலை இல்லை, தண்ணீர். அதில் அவ்வளவு பிடிவாதம்.

"இங்கிலீஷ்ல வராது மேம்" என்றாள். தமிழில் பேசு, நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். உடனே எழுத உட்கார்ந்துவிட்டாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

2 பிப்ரவரி

முதல்வர் அறையில் பவித்ரா பேசிக் காட்டினாள். துப்பட்டாவைப் பின் குத்தி, கையைக் கட்டிக்கொண்டு.  அம்மா வேலையைப் பற்றி, ஊரிலிருந்து வரும் பஸ் முதல் வகுப்பு முடிந்த பிறகுதான் வந்து சேரும் என்பதைப் பற்றி, விடுதி இல்லாவிட்டால் படிப்பே இல்லை என்பதைப் பற்றிச் சொன்னாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கெமிஸ்ட்ரிதான் எனக்குப் புரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சிது, எனக்குப் புரியாதது இங்கிலீஷுதான்னு."

மூன்று வருடமாக நான் பக்கம் பக்கமாக எழுதும் அறிக்கைகளில் இப்படி ஒரு வரி இல்லை.

முதல்வர் நல்லா இருக்கும்மா என்று சொல்லி அவளை வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதும் பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் பேசுது. ஆனா அம்மா கொட்ட ஒடைக்கிறாங்க, பஸ்ஸு வரல, அது இல்ல, இது இல்லன்னு… வீட்டுக்கு விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயவா விரிப்போம், சத்யா?"

அப்புறம் அவரே வழியும் சொன்னார். ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடத்தில் அக்ஷயா இருக்கிறாள். அப்பா சுரங்கத்தில் பெரிய இன்ஜினியர், டவுன்ஷிப்பில் பெரிய குவார்ட்டர்ஸ், ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம். மையத்து வாசலைக் கூட மிதித்ததில்லை. அவள் பேசட்டுமாம். மையத்து மாணவி என்று நாம் சொல்லவே வேண்டாமாம். கல்லூரி மாணவி என்று சொன்னால் போதுமாம். பவித்ரா எழுதியது நன்றாக இருப்பதால் அதில் நல்ல வரிகளை மட்டும் நான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம்.

அவர் கெட்டவர் என்று எழுத வரவில்லை. குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கூரை வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவர். அதனால்தான் கூரையைக் கண்டாலே மறைக்கத் தோன்றுகிறதோ என்னவோ.

நான் என்ன சொன்னேன்? சரி சார் என்றேன். என் அப்பாவுக்கும் சுரங்கத்தில்தான் வேலை, அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், இரண்டாம் கட்டம் வந்தால்தான் எனக்கு வேலை. இதெல்லாம் மனசில் ஓடியது உண்மை. இன்னொன்றும் உண்மை — அக்ஷயா பேசினால் நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

3 பிப்ரவரி

மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன். பவித்ராவிடம் நேரம் போதவில்லை, நிகழ்ச்சியைச் சுருக்கிவிட்டார்கள் என்றேன். "பரவால்ல மேம்" என்றாள்.

12 பிப்ரவரி

முடிந்தது. கால் வலிக்கிறது.

குழுவுக்குத் தலைவர் டாக்டர் எல்கே. ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சட்டை, எதையும் இரண்டு தடவை கேட்கும் பழக்கம். அவர்கள் வரும் வழியை நான்தான் போட்டிருந்தேன். கம்மாபுரம் பக்கம் போகாமல், டவுன்ஷிப் ஆர்ச் கேட் வழியாக உள்ளே வந்து, மரம் மூடிய ரோடுகள், பூங்கா, ஆஸ்பத்திரி. ஊரே தோட்டம் மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் அல்லவா! எந்த பிளாக்கில் எந்த மரம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கைடு வேலைக்குப் போயிருக்கலாம்.

மையத்துக்குப் புது பெயின்ட். மேலே மையத்தின் பெயர் போட்ட பெரிய பேனர், கீழே அக்ஷயா. நன்றாகப் பேசினாள், பாவம், அவளிடம் ஒரு குறையும் இல்லை. கெமிஸ்ட்ரி புரியவில்லை என்று நினைத்தேன், புரியாதது இங்கிலீஷ்தான் என்று அந்த வரியை அழகான இங்கிலீஷில் சொன்னாள். எல்கே குறிப்பு எடுத்துக்கொண்டார். கைத்தட்டலில் நானும் தட்டினேன்.

தட்டும்போது பார்த்தேன், கடைசி வரிசையில் பவித்ரா. அவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியாமல் போயிருக்குமோ என்று நினைத்தேன். புரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வருடம் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவளே நான்.

கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டில் எல்கே என் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வாயைத் திறந்தேன். எதிரிலிருந்து முதல்வர், அப்பா சுரங்கத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, பாயசம் எடுத்து வரச் சொன்னார். பொய் இல்லை பாருங்கள். இன்ஜினியரும் சுரங்கத்தில்தானே இருக்கிறார்.

நான் பாயசம் சாப்பிட்டேன்.

13 பிப்ரவரி

பவித்ரா மாலை வகுப்புக்கு வந்தாள். கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

17 மே

நிதியத்திலிருந்து மெயில் வந்தது.

மிக நல்ல அறிக்கை. இவ்வளவு பாராட்டு எந்தக் கல்லூரிக்கும் வந்திருக்காது. நல்ல வசதியுள்ள சூழல். மாணவர்களின் மொழித்திறன் எதிர்பார்ப்புக்கும் மேல். மூன்று வருடத்தில் இலக்கு எட்டப்பட்டது. இனி நிறுவனம் தன் காலில் நிற்க முடியும். ஆகவே இரண்டாம் கட்ட நிதியைத் தேவை அதிகமுள்ள வேறு வட்டாரத்துக்குக் கொடுப்பதே நியாயம் என்று குழு கருதுகிறது.

அக்ஷயா சொன்ன அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வெற்றிக்குச் சான்றாக.

முதல்வர் மெயிலைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தானே சத்யா செஞ்சோம்" என்றார். அந்த ஆளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கோபம் என் மேல்தான். தோட்டம் மாதிரி இருக்கிறது என்றதும் இளித்துக்கொண்டு மரத்துக்கு மரம் பெயர் சொன்னவள் யார்? நான்தானே. யாருக்கு வேணும்டி உன் மரம்?

21 மே

எல்கேவுடன் வீடியோவில் பேசினேன். முதல்வருக்குச் சொல்லவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பேசிய பெண் எங்கள் மையத்து மாணவி இல்லை. அந்த வார்த்தைகள் வேறொருத்தியுடையவை. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எல்கே கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு கேட்டார்: இதை முறைப்படி சொல்கிறீர்களா, நட்பாகச் சொல்கிறீர்களா?

வித்தியாசம் என்ன என்று கேட்டேன். முறைப்படி என்றால் அவர் எழுதி மேலே அனுப்ப வேண்டும். விசாரணை வரும். கொடுத்த பணத்தையே திருப்பிக் கேட்கலாம். பல வருடம் கல்லூரி எங்கேயும் விண்ணப்பிக்க முடியாது. இரண்டாம் கட்டம் திரும்பி வருமா என்றால், அதைப் பற்றி அவரால் எதுவும் சொல்ல முடியாது. நட்பாக என்றால், கேட்டு வருத்தப்படுவார். அவ்வளவுதான்.

விசாரணை வந்தால் யார் தலை உருளும்? மொழிபெயர்த்தது யார், வழி போட்டது யார்? அடுத்த வேலைக்கு முதல்வர் கொடுக்கும் சான்றிதழ் இல்லாமல் எங்கே போய் நிற்பேன்? பவித்ராவுக்கு அதனால் விடுதி கிடைக்கப்போகிறதா? இப்படியெல்லாம் கேள்வி கேட்கத் தெரிகிறது எனக்கு. பிப்ரவரியில் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

நட்பாக என்றேன்.

11 ஜூன்

விடுதியைப் பூட்டினோம். பிள்ளைகள் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாகப் போனார்கள். கல்லூரிச் செலவில் விடுதியை மட்டுமாவது நடத்தலாம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருந்தேன். பதில் இல்லை. தன் காலில் நிற்கிறதாம் நிறுவனம்.

பவித்ராவின் அம்மா மாணிக்கம்மாள் வந்திருந்தார். சேலைத் தலைப்பால் மகளின் பெட்டியைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ரெண்டு வருசம் எம் பொண்ண நல்லா பாத்துக்கினீங்க. நீங்க நல்லா இருக்கணும்ங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்னும் இரண்டு வருடம் பஸ்ஸில் வந்தே முடித்துவிடுவாள் என்றேன். எந்த பஸ் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

28 ஜூன்

எனக்கும் கடைசி நாள். சால்வை போர்த்தினார்கள்.

19 நவம்பர்

சால்வைக்குப் பிறகு இன்றுதான் எழுதுகிறேன். தனியார் பள்ளி, எட்டாம் வகுப்பு அறிவியல். தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது.

பஸ் ஸ்டாண்டில் வேதியியல் துறை லேப் உதவியாளர் ராயப்பனைப் பார்த்தேன். பவித்ரா செப்டம்பர் வரை வந்தாளாம். காலை முதல் வகுப்பு தினமும் போய்விடும். மாலை லேப் முடிவதற்குள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். வருகைப் பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வரவில்லை. "நல்லா டைட்ரேஷன் பண்ணும் மேடம், கை நடுங்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். குழம்பில் உப்பு அதிகம் என்று. உப்பு சரியாகத்தான் இருந்தது.

4 ஏப்ரல் 2025

அப்பாவின் கடைசி ஷிப்ட் போன வாரம் முடிந்தது. குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வடலூரில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

26 செப்டம்பர்

முதல்வர் போன் செய்தார். ஒரு வருடத்துக்கு மேலாகிறது அவர் குரலைக் கேட்டு.

வேறொரு நாட்டு நிதியம், இதே மாதிரி திட்டம். விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டதாம். நவம்பரில் நேரில் பார்க்க வருகிறார்கள். என்னையே மறுபடி ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறாராம். சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னார்.

"போன தடவ தப்புப் பண்ணிட்டோம் சத்யா. நல்லா இருக்கறத காட்டிட்டோம்."

இந்தத் தடவை பெயின்ட் கிடையாது. ஓடு பெயர்ந்த வகுப்பறை, பூட்டிய விடுதி, கம்மாபுரம் ரோடு எல்லாம் காட்ட வேண்டும். படிப்பை விட்ட பிள்ளை ஒன்று பேச வேண்டும். அந்தக் கெமிஸ்ட்ரிப் பெண் பெயர் என்ன, பவித்ராவா, அதைக் கூட்டி வர முடியுமா என்றார். இப்போது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். அநேகமாக அம்மாவோடு முந்திரி கம்பெனியில் இருப்பாள் என்றேன்.

"அதான், அதான் வேணும்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். முடியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேறு யாராவது போய்க் கூப்பிடுவார்கள். நிதி வந்தால் விடுதி திறக்கும், கிராமத்துப் பிள்ளைகள் வருவார்கள், அதுவும் பொய் இல்லையே. எனக்கும் எட்டாம் வகுப்பிலிருந்து விடுதலை. பார்த்தாயா, கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

9 அக்டோபர்

காடாம்புலியூர் போய் வந்தேன். பவித்ரா கம்பெனி வாசலுக்கு எழுந்து வந்தாள். இளைத்திருந்தாள். முன்பெல்லாம் மேம் என்பவள், வாங்கக்கா என்றாள்.

எல்லாம் சொன்னேன். அன்றைக்கு அக்ஷயா பேசியது அவள் வார்த்தைகள்தான் என்பதையும் சொன்னேன். "தெரியும்க்கா. அன்னிக்கே புரிஞ்சிது" என்றாள். புதுக் குழு வருவதைச் சொன்னேன். விடுதி திறந்தால், பிளஸ் டூ படிக்கும் அவள் தங்கைக்கு ஆகும் என்றேன். தான் மறுபடி சேர முடியுமா என்று அவள் கேட்கவில்லை. 

"நானே பேசணுமா?"

நீயே பேசலாம், தமிழிலேயே பேசலாம் என்றேன்.

யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கொட்டை உடைக்கும்போது வழிகிற எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, நகத்தோரம் தோல் உரிந்து கிடந்தது.

"கைல கறை போவலக்கா. பெரிய மனுசங்க வராங்கன்றீங்க. மருதாணி வெச்சி மறைச்சிக்கினு வரட்டுமா?"

வேண்டாம், இப்படியே வா என்றேன்.

சரிக்கா என்று சொல்லிவிட்டு வேலைக்கு உள்ளே போய்விட்டாள். பஸ் ஏறியதும் முதல்வருக்கு போன் செய்து, பவித்ரா வருகிறாள் என்று சொன்னேன். கை எப்படி இருக்கிறது என்பதையும் சொன்னேன்.