செல்வி கையில் கட்ட ஒரு மோட்டார்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். முதல் ஷிப்ட். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கரண்ட் போய், கம்பெனியில் பாதி நேரம் கைவிசிறி வீசியபடி ஊர்க்கதை.

வீட்டு வாசலில் தங்கை செல்வியின் மாமியார் செருப்பு. பிள்ளைச்சாவடியிலிருந்து நாள் பார்த்துச் சொல்ல வந்திருக்கிறார். செல்வியின் பயலுக்கு மூன்றாம் மாதம். ஆடி பிறந்துவிட்டால் தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போக முடியாது. 13ஆம் தேதி, ஞாயிறு என்று முடிவு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னார்:

"ராத்திரில புள்ள எங்கிட்டயே படுத்துக்கட்டும். பாலுக்கு அழுதா நான் இவள எழுப்பி உட்டுடறேன். ரெண்டு பேருக்கும் காது கேக்காது, புள்ள அழுது மூச்சு முட்டிக் கெடந்தா யாருக்குத் தெரியும்?"

ரெண்டு பேர் என்றால் என் தங்கையும் அவள் புருஷன் குமாரும். இரண்டு பேருக்கும் பிறவியிலேயே கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் பார்த்து, கையாலேயே பேசி, கையாலேயே கல்யாணத்தையும் பேசி முடித்துக்கொண்டவர்கள்.

செல்வி மாமியாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய், காய்ந்த துணிகளையே மறுபடி உதறி உதறிக் கொடியில் போட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். ஆனால் என்ன பேச? இங்கே மட்டும் என்ன நடக்கிறது? பயல் அழுதால் நானோ அம்மாவோதான் அவளை உலுக்கி எழுப்புகிறோம். அங்கே போய் யார் உலுக்குவது?

ராத்திரி சோறு ஆனதும் செல்வி கையாலேயே கேட்டாள்: என் பிள்ளை, என் பக்கத்தில் இல்லையா?

செய்கிறேன்டி, இரு.

ஜூலை 4, வெள்ளி

புழுக்கம். ஷிப்ட் முடிந்து நேராக எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைக்கு. நேரு வீதிக்குப் பின்பக்கம், செல்போன் கவர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இடுக்கில் இருக்கிறது. டிவி மெக்கானிக், காலேஜ் பசங்க, அப்புறம் என்னைப் போல வேலையற்ற வேலை செய்கிறவர்கள். சுவர் முழுக்கக் குட்டி டிராயர். எதில் என்ன என்று கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊரில் பாதி ரிப்பேர் நின்றுபோகும்.

"வாம்மா மாலா. போன தடவ தண்ணி டேங்குக்கு அலாரம். இப்ப இன்னா?"

சொன்னேன். குழந்தை அழுதால் தூங்குகிற அம்மா கையில் அதிர வேண்டும். சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு ஸ்டூல் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

வாங்கியது: மைக் போர்டு, குட்டி கன்ட்ரோலர் போர்டு இரண்டு (ஒன்று கெட்டால் இன்னொன்று), ரேடியோ ஜோடி (ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க), ஈயக்கம்பி. எல்லாம் காலண்டர் தாளில் மடித்து.

அதிர்கிற மோட்டார் மட்டும் இல்லை. "அது செல்போனுக்குள்ள இருக்கும் பாரு, அத்தூண்டு. ஞாயித்துக்கெழம சந்தைல செத்த போன வாங்கிப் புடுங்கிக்க."

வரும் வழியில் தூறல். பொட்டலத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காந்தி வீதி சந்தை. செல்வியையும் கூட்டிப்போனேன், பயல் அம்மாவிடம். பிரசவத்துக்குப் பிறகு அவள் வெளியே வந்தது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். வளையல் கடை, நைட்டிக் கடை, எல்லாவற்றிலும் நின்றாள். இழுத்துக்கொண்டு போவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

தார்ப்பாயில் குவியலாகப் பழைய பட்டன் போன்கள். பக்கத்தில் ஒரு சொல்தா பெரியவர், பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஒரு ரேடியோவைக் காதில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "இதுல உசுரு இருக்குப்பா." விற்கிறவர்: "உசுரு இருந்தா நான் ஏன் விக்கிறேன்?"

நான் ஸ்க்ரூ டிரைவரும் பேட்டரியுமாக உட்கார்ந்து போன்களைப் பிரிக்க, கடைக்காரப் பையன் பதறினான். "யக்கா, வாங்கிட்டு ஒடைங்க!"

ஒவ்வொரு மோட்டாராகப் பேட்டரியில் தொட்டுச் செல்வி மணிக்கட்டில் வைத்தேன். ஒன்றுக்கு உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றுக்கு, கொசு என்று காட்டினாள். பெரியதாக ஒன்று உறுமியது, நான் அதுதான் என்று நினைத்தேன். வேண்டாம் என்றாள்: இது போலீஸ் எழுப்புவது போல இருக்கிறது. கடைசியில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இது.

ஏன் என்று கேட்டேன். அவன் அழும்போது நெஞ்சில் கை வைத்தால் இப்படித்தான் இருக்கும், என்றாள்.

சந்தை நடுவில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். கடைக்காரப் பையன் என்ன நினைத்தானோ, விலையைக் குறைத்துவிட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

லீவு போட்டேன். சால்டரிங் புகையில் அம்மாவுக்கு இருமல், எனக்குத் திட்டு. "பொம்பளப் புள்ள செய்ற வேலையா இது." இதைச் சொல்லிக்கொண்டே விளக்கைத் தூக்கிப் பிடித்ததும் அம்மாதான்.

ஒரு போர்டு புகைந்து போனது. ப்ளஸ்ஸும் மைனஸும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

மதியம், அப்பாவின் பழைய வாட்ச் பட்டையில் மோட்டாரைத் தைத்துச் செல்வி கையில் கட்டினேன். மைக் டப்பா தூளி மேலே. அவள் பின்கட்டில் மாவு அரைக்கப் போனாள். பயல் தூங்கி எழுந்து வீல் என்றான். நான் அசையவில்லை. அம்மா எழப் போனாள், புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

செல்வி ஓடி வந்தாள். இரண்டு கையிலும் மாவு. யாரும் உலுக்காமல், யாரும் கூப்பிடாமல், அவன் கூப்பிட்டு அவள் வந்தாள்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

ஜூலை 10, வியாழன்

மேகமூட்டமாக இருந்தது. மழை இறங்கவில்லை.

ஷிப்ட் முடித்து டப்பாவும் கையுமாகப் பிள்ளைச்சாவடிக்கு பஸ். அத்தைக்கு (செல்வி மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவது) முன்னாலேயே காட்டிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பேச்சே இருக்காது என்று திட்டம். பெரிய புத்திசாலி நான்.

வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது வரிசை. டப்பாவை வைத்து சுவிட்சைப் போட்டதும் மோட்டார் அதிர்ந்தது. குழந்தையே இல்லாத வீட்டில்! நிறுத்தவே இல்லை. கடல். அலை விழும்போதெல்லாம் ஒரு அதிர்வு. போதாததற்குப் படகு இன்ஜின் ஒன்று. எங்கள் முதலியார்பேட்டைச் சந்துக்குள் உட்கார்ந்து திருகித் திருகிச் சரி செய்தேனே, கடலை யார் நினைத்தது? மைக்கின் திருகைக் குறைத்தேன், கடல் அடங்கியது. வாயால் குழந்தை மாதிரி அழுது பார்த்தேன், அதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை கிண்டல் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். செய்யவில்லை.

"அலைக்கெல்லாம் எழுந்துகிட்டிருந்தா அவ எப்பத் தூங்கறது மாலா? வுடு. நான் பாத்துக்கிறேன்."

அப்புறம், டீ ஆற்றிக்கொண்டே: "குமாரு பொறந்தப்ப அவனுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்டுகிட்டே இருப்பேன். ஒரு வருசம். திரும்பிப் பாக்கலன்னு அடிக்கக்கூடச் செஞ்சேன். இந்தப் புள்ள அழுது யாரும் வராம கெடக்கக் கூடாது. அவ்ளோதான் எனக்கு."

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கி எறியலாம் போல இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அழுகையை மட்டும் பிரித்துக் கேட்கிற மைக் இருக்கிறதாம், சென்னையில் சொல்லி வரவழைக்க வேண்டுமாம். "ஞாயித்துக்கெழமைக்குள்ளயா? சான்ஸே இல்லம்மா."

வீட்டில் செல்விக்கு எல்லாம் சொன்னேன். கடலை, அலையை, படகை. அவள் முகம் சுருங்கவில்லை. விசித்திரமாக என்னைப் பார்த்தாள்.

அது எதுக்குக் கேட்கணும்?

பின்னே?

வா என்று கூப்பிட்டாள். தூளியில் பயல் தூங்கிக்கொண்டிருந்தான். துணியின் ஓரத்தில் என் விரலை எடுத்து வைத்தாள். உட்கார்ந்தோம். ரொம்ப நேரம். கால் மரத்துப்போனது. முணுமுணுத்தேன், தொடையில் அடித்தாள்.

அப்போது துணியில் ஒரு சின்ன வெட்டு. இன்னொன்று. காலை உதைக்கிறான். அப்புறம் கை. முகம் கோணியது. அதற்கும் பிறகுதான், எவ்வளவோ பிறகு, அழுகை.

இதுதான் முதல், என்றாள். அழுகை கடைசி.

மூன்று மாதமாக இந்தத் தூளிக்குக் கீழேதான் படுத்துக் கிடக்கிறேன். காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு. இவள் ஓரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து, பாவம், பிரிய மனசில்லாமல் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். அசந்த தூக்கத்தில் துணி கையிலிருந்து நழுவிவிடும், அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

ஜூலை 12, சனி

கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். "ஆடினா தெரியணும். கேக்கவே வேணாம்."

"அட, பைக் அலாரத்துல வர்ற சென்சாரு! யாராச்சும் வண்டியத் தொட்டா கத்துமே." மேல் வரிசை டிராயர். ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுத்தார். "திருடனுக்கு வச்சது, புள்ளைக்கு ஆவுது பாரு."

மதியத்துக்குள் மைக்கைக் கழற்றிவிட்டு இதை வைத்தாயிற்று. கையால் ஆட்டினால் மெதுவான இழுப்பு, அதை விட்டுவிட வேண்டும். உதை சட்டென்று வெட்டும், அதைப் பிடிக்க வேண்டும். திருகைத் திருப்பியது நான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொன்னது செல்வி, ஒரு கை தூளியில், ஒரு கையில் பட்டை.

சாயங்காலம் சீர் சாமான் கட்டினோம். பழம், பவுடர், கொலுசு, பயலுக்குப் புதுத் தலையணை. அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து மூக்கை உறிஞ்சினாள்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல காற்று. ஆட்டோவில் நாங்களும் சாமானும். பிள்ளைச்சாவடியில் ஆலாத்தி சுற்றி உள்ளே அழைத்தார்கள். குமார் பயலை வாங்கியவன் கீழே விடவே இல்லை, பேச வேண்டுமென்றால் கை வேண்டுமே, அதனால் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தான்.

சாப்பாடு ஆனதும் தூளி கட்டி, பயலைப் போட்டு, கால்மாட்டில் சென்சாரை முடிந்தேன். செல்வி பட்டையைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் மீன் கழுவப் போனாள். அத்தை தூளிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அழட்டும். வர்றாளா பாக்கறேன்."

வெளியே கடல் அதுபாட்டுக்கு. காற்றில் தூளி லேசாக ஆடியது. செல்வி வரவில்லை, நல்லது, காற்றுக்கும் அலைக்கும் அவள் வரக் கூடாது.

அத்தைக்குக் கண் சொருகியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தூளித் துணியில் ஒரு வெட்டு. செல்வி உள்ளே வந்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, அவசரமில்லாமல். பயலை எடுத்தாள். அவன் கண்ணை விழித்து அம்மாவைப் பார்த்தான். அவ்வளவுதான்.

அத்தை: "இன்னும் அழவே இல்லியே. ஏன் தூக்கறா?"

நான் கால்மாட்டுச் சென்சாரைத் தொட்டுக் காட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அவர் அதையும் பயலையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தன் பாய் பக்கத்தில் விரித்து வைத்திருந்த குழந்தைப் படுக்கையைச் சுருட்டி, செல்வி அறையில் போட்டுவிட்டு வந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

மழை, ஒருவழியாக. வீடு வெறிச். அம்மா இரண்டு தடவை தூளி தொங்கிய வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அத்தையிடமிருந்து போன். எடுத்ததும் சண்டை போடுகிற குரல்.

"ரெண்டு நாளா ராத்திரில புள்ள சத்தமே கேக்கல. இன்னாமோ ஏதோன்னு அடிச்சிப் புடிச்சி எழுந்து போய்ப் பாக்கறேன், அவ மடில கெடந்து பால் குடிச்சிட்டிருக்கான். இவ எப்ப எழுந்தா, எப்ப தூக்கினா, எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. அவளும் எத்தன தடவதான் எழுந்துப்பா? பாதி ராத்திரிக்கு மேல நான் பாத்துக்கலாம்னா, இந்தப் பய என் காதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். எனக்கும் அந்தப் பட்டை ஒண்ணு பண்ணிக் குடு மாலா."