ஒட்டாமல் விட்ட அடிமூடி

காக்கா,

இன்று காலை ஒரு தூண்டில் ராடுக்குப் பசை கலக்கினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும், "கதவைத் தொறந்து வை, தலை சுத்தும்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுந்தது. எழுந்து கதவைத் திறந்தால் வாசலில் கறம்பக்குடிக்காரர் நிற்கிறார். மறுபடியும்.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் எனக்குச் செஞ்ச ராடு முடிஞ்சிருச்சா?"

எதைக் கேட்கிறார் என்று தெரியும். நெஞ்சு வலி என்று படுப்பதற்கு முன் நீங்கள் கடைசியாக எடுத்த ராடு. கைப்பிடி முடிந்து, நான் வளையங்களுக்கு நூல் சுற்றியதும் முடிந்து, கைப்பிடியின் அடி நுனியில் மாட்டும் அடிமூடியை மட்டும் பசையில்லாமல் சும்மா செருகி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் ஓயாமல் பேசுகிற மனிதருக்கு அதற்கு மட்டும் வாயில்லை.

அடிமூடி விஷயத்தில் உங்களை மாதிரிப் பிடிவாதக்காரர் கிடையாது. "கையை அளக்காம அடியை வெட்டக் கூடாது. முழங்கையைத் தாண்டுனா விலாவுல குத்தும்" என்பீர்கள். மூடியில் இடுப்புப் பட்டையின் ஆணி உட்காரும் கூட்டல் குறிப் பள்ளம் ரீலுக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பீர்கள். பசை தடவித் திருகித் திருகித்தான் ஏற்றுவீர்கள்; உள்ளே காற்று நின்றால் மூடியை வெளியே தள்ளிவிடும்.

அந்த ராடை வெட்டிய அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, ஈரக் கையிலேயே வைத்துப் பார்த்தீர்கள். எதற்கு என்றேன். "ஒங் கை மாதிரியே ஒருத்தருக்குக் கை இருக்கு" என்று சிரித்தீர்கள். நூல் என்ன கலர் என்றதற்கு, "ஒனக்குப் புடிச்சதைச் சுத்து" என்றீர்கள். வேறு யார் ராடுக்கும் அப்படிச் சொன்னதில்லை. கத்தரிப்பூ நிறத்தில் சுற்றினேன்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், "ஊருக்கெல்லாம் நூல் சுத்துறேன், ஒரு நாள் நானும் போட்டுல வந்து மீன் புடிக்கணும் காக்கா" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். பொம்பளைக்கு என்ன கடல் என்று நீங்கள் கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

என்னை மாதிரியே கறம்பக்குடிக்காரரும் குள்ளம்தான். இன்று ராடை அவர் கையில் வைத்துப் பார்த்தேன். முழங்கையோடு சரியாக நின்றது. அவர் போன் பேசத் திரும்பியபோது என் கையிலும் வைத்தேன். அதே இடம்.

"காக்கா ஒங்க கையை அளந்தாங்களா?"

"ஞாபகம் இல்லையே தங்கச்சி. கலரு எதுன்னாலும் சரின்னு சொன்னேன், அது ஞாபகம் இருக்கு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருடையதென்றால் அடுத்தவர் பொருளைப் பிடித்து வைத்திருக்கிறேன். என்னுடையதென்றால், நீங்கள் எனக்கென்று செய்ததை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிடுவேன். கோபமாக வருகிறது. உங்கள் மேல்தான். யாருக்கு என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கக் கூடாதா?

"பசை இன்னும் காயலங்க, அப்புறம் வாங்க" என்றேன். போன தடவையும் அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போனதும் மூடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். நடக்கும்போது இடுப்பில் இடிக்கிறது. கலக்கிய பசை கிண்ணத்தில் இறுகிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் எடுத்துத் தடவினால் இன்றைக்கே வேலை முடிந்துவிடும். தடவாதவரை அந்த ராடு அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நீங்கள் இன்னும் செய்துகொண்டிருப்பது, காக்கா.