எடுத்து வைத்த நாலு பக்கம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடி இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் மொட்டை மாடிக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்து நடந்தேன் என்கிறார். அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள். அன்றைக்குப் போனில் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. ஒரு மாதமாக ஒரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

என் வேலை உனக்குத் தெரியும். குழந்தைகள் நல அலுவலகங்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் தயார் செய்கிற படிப்பு அது, அதை ஒருங்கிணைக்கிறவள் என்று பெயர்ப்பலகை வேறு வைத்திருக்கிறார்கள். உண்மையில் பதினோரு வருடமாக நான் செய்தது, களப்பயிற்சிக்கு இடம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது, நன்னடத்தைச் சான்றிதழ் வராத பிள்ளைகளுக்காகக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டது, முதல் வீட்டு விசாரணைக்குப் போய்விட்டு வந்து படிக்கட்டில் அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன். இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு நானே ஒரு வகுப்பும் எடுப்பேன். முடிந்துபோன ஒரு வழக்கின் கோப்பு, பெயர்களையும் ஊரையும் கறுப்பு மையால் அழித்தது, அலுவலகத்தில் இருந்த தோழி ஒருத்தி ஆரம்பத்தில் கொடுத்தாள். ஏழு வயதுப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் அம்மா, அப்பா இல்லை, குழந்தை தனியாகக் கிடந்து அழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரியின் புகார். முதல் பதினைந்து பக்கத்தைப் படிக்கக் கொடுத்துவிட்டு, நீங்கள் அதிகாரியாக இருந்தால் இந்தக் குழந்தையை அம்மாவிடமிருந்து எடுப்பீர்களா, எடுப்பவர்கள் கை தூக்குங்கள் என்பேன். அதன் பிறகுதான் மீதிப் பக்கங்கள். எல்லா வருடமும் பாதிக்கு மேல் கை உயரும். இந்த வருடம் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண், வாய் திறந்து பேசமாட்டாள், ஆனால் நன்றாகப் படிக்கிறவள், அவளும் கை தூக்கியிருந்தாள். பதினாறாம் பக்கத்தில்தான் அதிகாரி வீட்டுக்குள் போய்ப் பார்த்தது வருகிறது. கட்டிலின் ஒரு கால் உடைந்து, அதற்கு முட்டாகப் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, குழந்தை தான் உடைக்கவில்லை என்கிறது, குழந்தைக்குப் பொய் சொல்லும் பழக்கம் உள்ளது என்று எழுதியிருக்கும். கடைசிப் பக்கத்தில், குழந்தை அமைதியாக வண்டியில் ஏறியது என்று முடியும். எல்லாரும் படித்து முடித்து யார் பேசுகிறீர்கள் என்று நான் கேட்டபோது அவள் எழுந்தாள். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. நான் அமைதியா ஏறல மேடம், ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க, ஒரு செருப்பு வாசல்லயே விழுந்துடுச்சு, கண்ணாடிய நான் உடைக்கலன்னு அன்னைக்கும் சொன்னேன் என்றாள். யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகுதான் எனக்குப் புரிந்தது, கோப்பில் இருந்த அந்தக் குழந்தை இவள்தான். அவள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரி, இப்ப நானும்தான் கை தூக்கினேன் என்றாள்.

அந்த வகுப்பை அப்படியே கலைத்துவிட்டு அவளை என் அறைக்குக் கூட்டிப்போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எங்க அம்மா என்னைத் திருப்பிக் கேட்டாங்களா மேடம், இதுல அது ஒண்ணும் இல்லையே என்றாள். விடுதியில் வளர்ந்த காலம் முழுக்க, அம்மா கேட்கவில்லை, அதனால்தான் அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்னவனே, இனி நான் சொல்லப்போவதை இன்னும் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோப்பின் கடைசியில், குழந்தையை எடுத்த பிறகு அம்மா கொடுத்த வாக்குமூலம் நாலு பக்கம் இருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். ஐம்பது நிமிட வகுப்புக்குள் முடியவில்லை, அதைப் படித்தால் பிள்ளைகள் குழம்பிப்போய், ஏன் கை தூக்கினோம் என்று பேசவே தயங்குகிறார்கள், விவாதம் சூடு பிடிக்க மாட்டேன் என்கிறது என்று இந்த வகுப்பை ஆரம்பித்த மறு வருடமே எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன். மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறாள் அந்த அம்மா. வேலை நேரத்தை மாத்திக்கிட்டேன், இனிமே பள்ளிக்கூடம் விடறப்ப வீட்ல இருப்பேன், கட்டிலும் வேற வாங்கிட்டேன், வந்து பாருங்க என்று சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது. யாரும் போய்ப் பார்த்ததாக இல்லை. அந்த நாலு பக்கத்தையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், மடித்தாள், பையில் வைத்தாள், பத்து நாள் லீவு வேண்டும் என்றாள்.

மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சென்ட்டு பாட்டில், அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். விஷயம் கேள்விப்பட்டு வருத்தப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல். எவ்வளவு பெரிய விஷயம் மேடம், நாம காப்பாத்தின குழந்தையே நம்மகிட்ட படிக்குது, ஆண்டு விழால மேடையேத்திடலாம், விழா மலர்ல முதல் பக்கம் அவ படம்தான் என்றார். போட்டோகிராபரிடம் பேசியும் வைத்திருந்தார். நான் முடியாது என்றேன், அவள் காட்சிப் பொருள் இல்லை என்றேன், நாலு பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டதையும் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. அனுமதி இல்லாமல் வழக்குக் கோப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்தது விதிமீறல் என்று சாயங்காலத்துக்குள் மெமோ என் மேஜையில். பதினோரு வருடமாக அந்தக் குழந்தையின் படுக்கையையும் பாத்திரத்தையும் முந்நூறு பேருக்கு மேல் பிரித்துக் காட்டினேன், அப்போதெல்லாம் எந்த விதியும் மீறப்படவில்லை. அவள் அம்மா சொன்னதை அவளிடமே கொடுத்ததில் மீறிவிட்டது. அந்த மெமோவைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தால், அவரை அருவருக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அவர் ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். கை தூக்கச் சொன்னது நான். தலைவர் என்னிடமிருந்து ஒருங்கிணைப்பு வேலையை எடுத்துவிட்டார், வகுப்பு மட்டும் எடுக்கலாமாம். அந்தக் கோப்பின் பிரதிகள் அத்தனையையும் நான் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன், அதற்கும் ஒரு மெமோ வரும், வரட்டும்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். நினைவில் இருந்த ஊரைத் தேடிப் போயிருக்கிறாள். அம்மா இறந்து நாலு வருடமாகிறது. புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி அதே வீட்டில் இருக்கிறாளாம், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்து, நல்ல வேளை அன்னைக்கு நான் போன் பண்ணேன், பாரு எவ்வளவு நல்லா வந்திருக்கே என்றாளாம். எல்லாரும் இதையேதான் மேடம் சொல்றாங்க என்று மட்டும் என்னிடம் சொன்னாள். படிப்பை விடப்போகிறாயா என்று கேட்டேன். இல்ல மேடம், எழுதறவங்க இடத்துல எங்கள மாதிரி ஒரு ஆளாவது உட்காரணும் என்றாள். மறுபடியும் மூன்றாவது வரிசையில்தான் உட்காருகிறாள். அவள் கண்ணைப் பார்த்துப் பாடம் நடத்த எனக்கு இன்னும் பழகவில்லை.

உனக்கு ஏன் இதெல்லாம் எழுதுகிறேன் என்றால், உனக்கு ஐந்து வயதில், செவ்வாயும் வியாழனும் உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் சாயங்கால வகுப்பு எடுக்கப் போவேன், இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால். அக்கா டியூஷன் முடிந்தும் அப்பா வேலை முடிந்தும் வர இரண்டு மணி நேரம் ஆகும். நான் அங்கே போய் நடத்தின பாடம், கவனிப்பாரற்ற குழந்தைகள். நம் வீட்டுக்கு யாரும் நோட்டோடு வரவில்லை. வந்திருந்தாலும் ஜன்னல் திரையையும் அலமாரிப் புத்தகங்களையும் பார்த்து, தாய் படித்தவர், பொறுப்பானவர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நீ அழுதாயா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு வலிக்குமே என்று பூசி மெழுகாமல், அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்தாய், என்ன நினைத்தாய், உள்ளது உள்ளபடி எழுது. ஒரு பக்கத்தையும் எடுத்து வைக்காதே.

பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா, தள்ளிப் போடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், மாடியில்தான் இருக்கிறார், நடக்கிறாராம். பதில் போனில் வேண்டாம், கடிதமாகவே எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அம்மா