தீக்குச்சி பற்றும் வரை

ஆவடி,
12.12.1988

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் அத்தையும் சுகந்தானே? பாப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? அதை முதலில் எழுது.

பயப்படும்படி ஒன்றுமில்லை. மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த குவார்ட்டர்ஸில், மேல்வீட்டுக் குழாய் கசிந்து நம் படுக்கையறைச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். நீங்கள் வருவதற்குள் வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று நானே சுண்ணாம்பு அடித்தேன். நான்காம் நாள் கறுப்புப் புள்ளிகள் மறுபடி வந்துவிட்டன.

மேனாம்பேட்டுக் கொத்தனார் கோவிந்தராஜைக் கூட்டிவந்து, பாப்பாவின் இரைப்பையும் சொன்னேன். சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், குளிக்காம பவுடர் பூசிகினா மாரி கீது! உள்ள ஈரம் அப்டியே கீது. இரைப்பு கீற கொயந்தய இங்க படுக்க வெக்காத."

பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார். போகும்போது, "தீப்பெட்டிய தொறந்து செவுத்தாண்ட வெய்யி சார். காலைல குச்சி பத்துச்சின்னா ஊட்டம்மாவ வரச் சொல்லு. அதுவரிக்கும் வேணாம்" என்றார்.

பத்து நாளாக வேலைக்குக் கிளம்புமுன் உரசிப் பார்க்கிறேன். குச்சியின் மருந்து நமுத்து உதிர்கிறது. அதனால் இருபதாம் தேதி ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி மாமாவிடம் சொல். கோபப்படாதே.

பாப்பாவின் கால் அளவை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கி வைக்கிறேன். இரண்டு காலையும் வரை.

ஃபாக்டரிச் சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். இன்று காலை மட்டும் ஒரு குச்சி பொறிவிட்டு அணைந்தது.

கலியமூர்த்தி