கடற்காவலன் பேசத் தொடங்கிய கதை

அப்பா,

அச்சகத்திலிருந்து என் படக்கதையின் ஆறாவது புத்தகம் இன்று காலை வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் கிளேட்டனில் உள்ள என் சிறிய அறை முழுவதும் புது மையின் மணம். முதல் பிரதியைக் கையில் எடுத்தேன். கொடுப்பதற்கு நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டுப் படக்கதை வரையப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்ன அன்று நீங்கள் கத்தவில்லை. "அப்ப இனி எனக்குக் கோல் எடுக்காதை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். ஊரில் பொறியியலாளராக இருந்து, சிட்னியில் பேருந்து ஓட்டி என்னைப் படிப்பித்தவர் நீங்கள். உங்கள் கோபம் எனக்கு விளங்கியது. என் கோபமும் சிறியதல்ல. ஆறு ஆண்டுகள் நாம் பேசவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் கடற்காவலனை வரைந்தேன். நகரத்தை விழுங்க வரும் கடலைத் தனியாகத் தடுத்து நிற்கும் வீரன். அவனுக்கு எதிரி அவன் மகனே; மகன் வலக்கையை உயர்த்தினால் அலை எழும். ஐந்து புத்தகங்களிலும் இருவரும் மோதினார்கள். கடற்காவலனின் முகமூடி அவன் வாயையும் சேர்த்து மூடியிருந்தது.

பிறகு சிட்னியில் ஒரு படக்கதைக் கண்காட்சி. கையெழுத்துக்காக நின்ற இளைஞர்களின் வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையுடன் நீங்கள். ஐந்து புத்தகங்களையும் மேசையில் வைத்தீர்கள். எல்லாம் பலமுறை படித்து ஓரம் நைந்தவை.

"உந்தத் தகப்பன் ஏன் ஒரு இடத்திலையும் வாய் திறக்கேல்லை?"

"அவர் என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியாது, அப்பா."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"நீங்கள்தானே கோல் எடுக்காதை எண்டனீங்கள்."

"ஓம், சொன்னனான்தான்." பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு விலகினீர்கள். "இண்டைக்கு வீட்டை வா."

அதன்பின் மாதம் ஒருமுறை பென்டில் ஹில்லில் உள்ள உங்கள் வீட்டுக்கு வந்தேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் நான் ஆறாவது புத்தகத்தின் தாள்களை விரிக்க, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்ப்பீர்கள். நிறையச் சண்டை பிடித்தோம். தகப்பன் அழுது மன்னிப்புக் கேட்கும் பக்கத்தை "இது நாடகம்" என்று தள்ளிவிட்டீர்கள். கடைசி மோதலில், கடற்காவலன் மகனை வீழ்த்தி அவன் வலக்கையை முறிக்கப் போகும் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தீர்கள்.

"முறிக்கமாட்டார்."

"முறிச்சால்தானே அப்பா நகரம் தப்பும்?"

"நகரத்தைக் காப்பாத்த அவர் வேறை வழி தேடுவார். அது பிள்ளையின்ர கை. அதிலை தொடமாட்டார்."

அப்போது நீங்கள் தாளைப் பார்க்கவில்லை. மை படிந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் பக்கத்தை நான் திருத்தி முடிக்கும் முன்னே உங்கள் இதயம் நின்றுவிட்டது. இழந்த ஆறு ஆண்டுகளைச் சொல்லி உறவினர்கள் என்னைத் தேற்றினார்கள். எனக்குத் தேறுதல் தேவைப்படவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் நீங்கள் போனீர்கள்; அது எனக்குக் கேட்டது.

ஆறாவது புத்தகத்தில் கடற்காவலன் மகனின் கையை விடுகிறார். முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார்.

ஏழாவதையும் தொடங்கிவிட்டேன். அதில் அவர் இன்னும் அதிகமாகப் பேசுகிறார். சில இடங்களில் எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறார். நான் அழிப்பதில்லை.