தாளில் ஏறிய துடிப்பு

ஒக்டோபர் 8, திங்கள்
விடியவே தூறல். ஜெர்மனியில், அதுவும் பீலெஃபெல்டில், இதைவிட வேறென்ன. சைக்கிள் வேண்டாம், டிராம்.
பிரசவ அறையில் ஒரு தமிழ்ப்பெண். ரஜனி, தலைப்பிரசவம். மருத்துவமாதுகளில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி, ஆகவே என் தலையில். சந்தோஷம்தான். வயிற்றில் துடிப்பு மெசினின் பட்டியைக் கட்டியதும் பிள்ளையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. கணவன் ஜெயந்தன் கைபேசியை மெசினோடு ஒட்டிப் பிடித்தான். மன்னாரில் ரஜனியின் அம்மா கேட்டுவிட்டு அழுதாவாம்.

ஒக்டோபர் 9, செவ்வாய்
வாங்க: பால், பல்பு, என் அம்மாவின் பிரஷர் குளிசை. ஒன்றும் வாங்கவில்லை.
பின்னேர வேலை. ரஜனி இன்னும் பெறவில்லை. களைப்பு, இலேசான காய்ச்சல். காலை வேலையில் இருந்த மருத்துவமாது சபீனா மெசின் கீறிய தாளைக் காட்டினாள். துடிப்பு நூற்றிருபது, ஒவ்வொரு நோவுக்கும் வடிவாக ஏறுகிறது, பிள்ளை நல்ல சுகம் என்றாள். டொக்டரும் பார்த்தாராம்.
அந்த வடிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நோவு நெரிக்கும்போது பிள்ளையின் துடிப்பு இறங்கும், அல்லது மாறாமல் இருக்கும். தவறாமல் ஏறுவது நோகிறவளின் துடிப்பு. ரஜனியின் மணிக்கட்டைப் பிடித்தேன். மெசினில் ஒரு தட்டு, என் விரலில் ஒரு தட்டு. இரண்டும் ஒன்று.
பட்டி நழுவித் தாயின் நாடியைப் பிடித்திருக்கிறது.
ஸ்கான். சின்ன நெஞ்சு அசையவில்லை. டொக்டர் ஜெர்மனில் சொன்னார். ரஜனியும் ஜெயந்தனும் என்னைப் பார்த்தார்கள். தமிழில் நான் சொன்னேன். இப்படியொரு வேலை ஏன் படித்தேன்.
ஜெயந்தன் மெசினைக் காட்டினான். "சத்தம் கேக்குதே, அக்கா."
எழுந்து போய் நிறுத்தினேன்.
இரவு பிறந்தான். ஆண். தலை நிறைய முடி.

ஒக்டோபர் 11, வியாழன்
வெயில், வெட்கமில்லாமல். நேற்று எழுத ஏலவில்லை.
சபீனா லீவு. அவள்மேல் கோபம் வருகிறது, பிறகு பாவம் என்றும் வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா? தெரியாது.
வேலை முடிந்து ரஜனியிடம் போனேன். ஜெயந்தன் சவப்பெட்டி பார்க்கப் போயிருந்தான். அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. குளிர்ந்த துணி வைத்துக் கட்டினேன். பிறகு கேட்டாள்.
"அவன் எப்ப போனவன், அக்கா?"
தெரியாது என்றேன். உண்மையாகவே ஒருவருக்கும் தெரியாது.
யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
"என்ர நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் ஆறுதலாக் கிடந்திருக்கிறன்."